மனநோயுற்றவரை யார் பார்த்துக்கொள்வது?

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒரு பெரிய வாக்குறுதியைத் தருகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்க மறுக்கிறது, வீடு இல்லை, ஊரில் சேவை இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது. சமூகத்தின் நடுவே வாழ்வது அவருடைய உரிமை. இந்த நான்கு காரணங்களால்தான் நம் காப்பகங்களில் மனிதர்கள் பல்லாண்டுகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். சட்டம் மறுப்பது இரு நூற்றாண்டு நடைமுறையை.

மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற கடுமையான நோய் கண்டு, உழைக்கவும் தன்னைப் பேணவும் இயலாமற்போன ஒருவரை யார் பார்த்துக்கொள்வது, எங்கே வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு அரசு, குடும்பம், கோயிலும் தர்காவும், மருத்துவத் துறை, நீதிமன்றம், தொண்டு நிறுவனம் என ஒவ்வொரு தரப்பும் ஒரு விடை வைத்திருக்கிறது. இந்த விடைகளை நாம் பெரும்பாலும் இடத்தைக் கொண்டே பிரித்துப் பேசுகிறோம்: மருத்துவமனையா, வீடா, ஊரா என்று. சுமையை யார் சுமந்தார்கள், முடிவை யார் எடுத்தார்கள் என்று பார்த்தால் அவை வேறு விதமாக அணிபிரிகின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டை மையமாக வைத்து, தேவைப்படும் இடங்களில் மட்டும் வெளியே சென்று, அந்தக் கோணத்தில் இந்த விடைகளைப் பரிசீலிக்கிறது.

சுவருக்குள் காத்தல்

சென்னையில் 1794இல் வாலண்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய இல்லத்திலிருந்து கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் கதை தொடங்குகிறது. இன்றைய வளாகத்துக்கு அது இடம்பெயர்ந்தது 1871இல். 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டுக்கு முதுகெலும்பாக இருந்தன. தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவில் அவர் உள்ளே போவார். நோயாளியின் நலத்தைவிடப் பொது ஒழுங்கைப் பற்றிய கவலையே அந்தச் சட்டங்களில் மேலோங்கியிருந்தது. சுதந்திர இந்தியாவில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் நடைமுறைக்கு வர 1993 வரை ஆயிற்று.

இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை இந்தக் காப்பகங்களின் நிலையைக் கடுமையாகச் சாடியது. ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு படுக்கைதான் அன்று இருந்தது. அறிக்கை சொன்ன தீர்வுகளில் முதன்மையானவை கூடுதல் மருத்துவமனைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும். அதன் வழியாகவே 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் வந்தது. அதுவே பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. சுவருக்குள் காக்கும் முறை தவறா என்ற கேள்வி அப்போது உரக்க எழவில்லை; சுவர் போதவில்லை என்பதே குறையாகத் தெரிந்தது.

கேள்வியை உள்ளிருந்து எழுப்பியவர்களும் உண்டு. 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பேற்ற மருத்துவர் சாரதா மேனன், வெளிநோயாளர் சேவையையும் மறுவாழ்வையும் வலியுறுத்தினார். ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பு மனச்சிதைவு ஆய்வில் உலக அளவில் பெயர் பெற்றது. ஆயினும் பெரும்பாலான காப்பகங்கள் மாறவில்லை. 1993இல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கை நாடெங்கும் மருத்துவமனைகளில் சிறைக்கொட்டடி அமைப்பு நீடித்ததைப் பதிவு செய்தது.

இருந்தும் இந்த விடையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. யாருமில்லாதவருக்குக் கேள்வி கேட்காமல் படுக்கை தந்த இடம் இன்றுவரை பெரும்பாலும் அரசு மருத்துவமனைதான். அதன் குறை, வெளியேறும் வழியை அது ஒருபோதும் தீவிரமாக யோசிக்கவில்லை என்பதுதான். 2019இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தபோது, உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருந்தது தெரிந்தது. அவர்களில் பலரை நோயைவிட முகவரியின்மையே அங்கு நிறுத்தி வைத்திருந்தது.

வீட்டார் கையில்

காப்பகத்துக்கு எதிரான முதல் பெரிய இந்திய விடை குடும்பம். 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளோடு வீட்டாரும் வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்க வழி செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், உறவினர் ஒருவர் உடன் தங்கியே சிகிச்சை என்ற முறையை நிலையாக்கியது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் உத்தியாகவும் இது பயன்பட்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. நோயைப் பார்த்துப் புரிந்துகொண்ட உறவினர் வீடு திரும்பும்போது பயம் தணிந்து திரும்பினார். மேலை நாடுகளில் உறவினரை வாசலிலேயே நிறுத்திய காலத்தில் இது துணிச்சலான மாற்றம்.

பின்னர் இந்த விடைக்கு அறிவியலின் ஆதரவும் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியிலிருந்து நடத்திய பன்னாட்டு ஆய்வுகளில், மனச்சிதைவு கண்டவர்கள் இந்தியா போன்ற நாடுகளில் பணக்கார நாடுகளைவிட நன்றாகத் தேறுவதாகத் தெரிந்தது. கூட்டுக் குடும்பம், குறைந்த எதிர்பார்ப்பு, வயல்வேலை போன்ற நெகிழ்வான உழைப்பு என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் லக்னோ, சென்னை, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வும், அதன் சென்னைக் கிளையில் முதல்முறை நோய் கண்ட 90 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பணியும், கணிசமானோர் தேறுவதைக் காட்டின.

ஆனால் 2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், ஆர். தாரா, ஓயே குரேஜே ஆகியோர் பதினொரு நாடுகளின் 23 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்தப் பொதுமுடிவை எச்சரிக்கையோடு அணுகச் சொன்னார்கள். முடிவுகள் இடத்துக்கு இடம் வெகுவாக வேறுபட்டன. சிகிச்சையே பெறாதவர்கள், இளமையில் இறந்தவர்கள், மணமுறிவுக்கு ஆளானவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்தால் படம் அவ்வளவு பிரகாசமாக இல்லை. கேள்வி எழுப்பிய நால்வரில் தாரா, மேற்சொன்ன சென்னை ஆய்வை முன்னின்று நடத்தியவர்.

குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார் என்பது அடுத்த சிக்கல். பெரும்பாலும் தாய், அவருக்குப் பின் மனைவி அல்லது மணமாகாத சகோதரி. மனச்சிதைவு கண்டு மணமுறிவுக்கு ஆளான பெண்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வு, கணவன் கைவிட்ட பின் வயதான பெற்றோரே அவர்களைத் தாங்குவதையும், ஜீவனாம்சம் அவர்களுக்கு எட்டாக்கனியாக இருப்பதையும் பதிவு செய்தது. நோயுற்ற ஆணை மனைவி விட்டுப் போவதைவிட, நோயுற்ற பெண்ணைக் கணவன் விட்டுப் போவது நம் சமூகத்தில் எளிது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக இன்றும் வைத்திருக்கிறது. குடும்பத்தின் கையில் விடுவது என்றால் கூலியில்லாத உழைப்பை எதிர்பார்ப்பது. அதுவும் சமூகத்திலேயே குறைந்த அதிகாரம் கொண்டவர்களிடமிருந்து எதிர்பார்ப்பது. குடும்பத்தைப் போற்றும் கொள்கை ஆவணங்களில் இந்தக் கணக்கு அரிதாகவே காணப்படுகிறது. அந்தத் தாய்க்குப் பிறகு யார் என்ற கேள்வி அவற்றில் அதைவிட அரிது.

சந்நிதியும் சங்கிலியும்

குணசீலம், சோளிங்கர், புளியம்பட்டி அந்தோணியார் கோயில், ஏர்வாடி தர்கா. மனநோயுற்றவரைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்கள் போகும் இடங்கள் இவை. மருத்துவரிடம் போவதற்கு முன்பும் போகிறார்கள். மருத்துவரைப் பார்த்துக்கொண்டே இங்கும் போகிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது நீண்ட காலம் நவீன மருத்துவத்தின் போக்காக இருந்தது.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு அந்தப் போக்கைச் சற்று அசைத்தது. ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை வந்தபோதும் புறப்பட்டபோதும் அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை. குறிப்பிட்ட சிகிச்சைச் சடங்கும் இல்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது. நோய் தானாகத் தணியும் காலமும் அதில் கலந்திருக்கலாம். இதை வைத்துக் கோயில் குணப்படுத்துகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் நம் மருத்துவமனைகள் பலவற்றில் கிடைக்காத ஒன்று, மரியாதையோடு தங்கக் கிடைக்கும் இடம், அங்கே கிடைத்தது.

இதன் மறுபக்கத்தை அந்த ஆய்வு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே நாடு கண்டுவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தனியார் நடத்திய மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். தர்காவுக்கும் அந்த இல்லத்துக்கும் நிர்வாக உறவு இல்லை. தர்காவை நம்பி வந்தவர்களைச் சுற்றி வளர்ந்த வணிகம் அது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இல்லங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் வீடுகளுக்கும் அரசுக் காப்பகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சங்கிலியிடப்பட்டவர்களில் பலர் சொந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு கொண்டுவரப்பட்டவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஏர்வாடி சந்நிதியின் தோல்வி மட்டுமன்று என்பது விளங்கும். காப்பகத்தில் இடமில்லை; ஊரில் மருத்துவர் இல்லை; வீட்டில் தெம்பில்லை. இம்மூன்றும் சேர்ந்து அந்தக் கொட்டகைக்கு ஆள் அனுப்பின.

பின்னாளில் ஏர்வாடியிலும், அதற்கு முன்னோடியாகக் குஜராத்தின் மீரா தாதர் தர்காவிலும், தொழுகையோடு மருந்தும் என்ற திட்டங்கள் வந்தன. நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாமல் மாத்திரையை எட்டும் இடத்தில் வைப்பது இதன் தர்க்கம். ஒரே வளாகத்தில் இரண்டு அதிகாரங்கள் இயங்கும்போது நோயுற்றவரின் சொல் எங்கே நிற்கிறது என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனினும் சங்கிலி இருந்த இடத்தில் மருத்துவர் உட்கார்ந்திருப்பது முன்னேற்றம் என்றே கருத வேண்டும்.

மாவட்டத்துக்கு வந்த மாத்திரை

1970களின் நடுவில் சண்டிகரின் மனநல மருத்துவர் என். என். விக் குழுவினர் ஹரியானாவின் ராய்பூர் ராணியிலும், நிம்ஹான்ஸ் குழுவினர் கர்நாடகத்தின் சகலவாராவிலும் ஒரு கருத்தைச் சோதித்தார்கள்: ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரும் ஊழியரும் சிறு பயிற்சியோடு மனநோய்க்குச் சிகிச்சை தர முடியுமா? முடியும் என்ற விடையின் பேரில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. 1980களின் பிற்பாதியில் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த சோதனை அதற்கு உருவம் கொடுத்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளி அவற்றில் ஒன்று.

இந்தத் திட்டம் உண்மையில் பலருக்கு உதவியது. கீழ்ப்பாக்கத்துக்கு இரவு முழுதும் பேருந்தில் வந்தவரால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாதம் ஒருநாள் வந்து மாத்திரை வாங்க முடிந்தது. ஏழைக்கு அது மிச்சமான ஒரு நாள் கூலி. ஆயினும் 2015–16 தேசிய மனநல ஆய்வு, கடுமையான மனநோய் கண்டவர்களில்கூட ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று கண்டது.

ஆட்கள் பற்றாக்குறை, நிதி தாமதம், மருந்து இல்லாமை என்று நிர்வாகத் தரப்பு விளக்கும். சுமீத் ஜெயினும் சுஷ்ருத் ஜாதவும் 2009இல் வேறு விளக்கம் தந்தார்கள். வட இந்தியக் கிராமப்புறத்தில் கள ஆய்வு செய்த அவர்கள், சமூகப் பங்கேற்பை நோக்கமாகக் கொண்ட கொள்கை, களத்துக்கு வரும்போது மாத்திரை விநியோகமாகச் சுருங்கிவிடுவதைக் காட்டினார்கள். நோயுற்றவரின் கடன், குடும்பத் தகராறு, சாதி, நிலம் எதுவும் அந்த மேசைக்கு வருவதில்லை. பதிவேட்டில் மருந்தின் பெயர் இருக்கும். மனிதரின் கதை இருக்காது. இந்த விமர்சனம் சற்றே அளவு மீறுவதும் உண்டு. மனச்சிதைவு கண்டவருக்கு மாத்திரை சிறிய விஷயமன்று. ஒழுங்காக மருந்து கிடைக்காத ஊரில் மாத்திரையைக் குறைத்துப் பேசுவது, அதைத் தேடி அலையும் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. ஆனால் மாத்திரையோடு நின்றுவிட்டால் பலர் அதையும் நிறுத்திவிடுகிறார்கள் என்பது களத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

உரிமை என்ற அளவுகோல்

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதிப்படுத்தியது. யார் முடிவெடுப்பது என்ற கேள்வியை அது முன்னே கொண்டுவந்தது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2014இல் தந்த விளக்கம் மிகத் தீவிரமானது: ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கும் எல்லா ஏற்பாடுகளையும் கைவிட வேண்டும், துணை நின்று அவரே முடிவெடுக்கச் செய்ய வேண்டும்.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த எல்லை வரை போகவில்லை. நோய் முற்றுவதற்கு முன்பே தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம், சங்கிலியிடக் கூடாது, மயக்க மருந்தின்றி மின்னதிர்வு கூடாது, ஆதரவற்றுத் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல் நிலையத்தின் கடமை. நிபந்தனைகளோடும் மறுஆய்வு வாரியத்தின் மேற்பார்வையோடும், ஒருவரின் சம்மதமின்றி அவரைச் சேர்க்கவும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. புனேயில் பாபு டிரஸ்ட் அமைப்பை நிறுவிய பார்கவி தாவர் போன்றோருக்கு இந்த இடமே ஏற்புடையதாக இருக்கவில்லை. மனநோய்க்கென்று தனிச் சட்டம் இருப்பதே ஒதுக்குதல் என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கத்தில் மனநல மருத்துவர் பலரும் குடும்பச் சங்கங்களும் வேறு அச்சத்தைச் சொன்னார்கள்: நள்ளிரவில் வன்முறையோடு இருக்கும் மகனை வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு இந்தச் சட்டம் என்ன தருகிறது? உரிமையைத் தனிமனிதருக்குத் தந்துவிட்டு, சுமையை மட்டும் குடும்பத்திடம் விட்டுவிட்டதா?

இரு தரப்பும் அடிக்கடி சுட்டும் இரண்டு அயல்நாட்டு நிகழ்வுகள் உண்டு. இத்தாலி 1978இல் மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் இயக்கத்தை ஒட்டி மனநல மருத்துவமனைகளை மூடச் சட்டம் இயற்றியது. டிரியெஸ்டே நகரம் அவற்றுக்கு மாற்றாகச் சமூக மையங்களைக் கட்டி வெற்றி கண்டது. அமெரிக்காவில் 1955இல் மாநில மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளித்த சமூக மையங்கள் போதிய அளவில் எழாமலேயே மருத்துவமனைகள் காலியாயின; பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இரண்டிலும் கதவு திறந்தது ஒன்றுதான். வெளியே வீடும் ஆளும் பணமும் காத்திருந்தனவா என்பதில்தான் வேறுபாடு.

களப்பணியாளர்: சிகிச்சையும் வாதாடலும்

கடந்த முப்பது ஆண்டுகளில் உருவாகியிருக்கும் விடை ஒரு நபரைச் சுற்றியது: ஊரிலேயே இருந்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் களப்பணியாளர். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பேனியன், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்கான அடைக்கலமாகத் தொடங்கி, பின்னர் கோவளம் பகுதிக் கிராமங்களுக்கும், நீண்டகாலம் உள்ளே இருந்தவர்கள் சிலர் சேர்ந்து வாழும் வாடகை வீடுகளுக்கும் விரிந்தது. கொல்கத்தாவின் ஈஸ்வர் சங்கல்ப் தெருவில் இருப்பவருக்குத் தெருவிலேயே, டீக்கடைக்காரரையும் காவலரையும் துணைகொண்டு, சிகிச்சை தர முயன்றது. கோழிக்கோட்டின் மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட், கேரளத்தின் வலிநிவாரண இயக்கத்தைப் போல உள்ளூர்த் தன்னார்வலர்கள் மூலம் இயங்குகிறது.

இந்த விடைக்கான ஆதாரம் ஓரளவு உண்டு. கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு கண்ட 282 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வந்தன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்ததால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோய்க்குறியும் இயலாமையும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தன. மிதமான பலன்தான். சேவை குறைவான கிராமப்புறங்களிலேயே இம்முறை அதிகம் பயன்படும் என்று ஆய்வாளர்களே முடிவு சொன்னார்கள். பேனியனின் வாடகை வீட்டு முறை பற்றிய ஒப்பீட்டு ஆய்வும் நம்பிக்கையூட்டுகிறது. ஆயினும் யார் வீட்டுக்குப் போவது என்பது குலுக்கலில் முடிவு செய்யப்படாததால், தேறக்கூடியவர்களே முதலில் போயிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சுகிறது.

ஆய்வுகள் அளப்பது பெரும்பாலும் நோய்க்குறியை. களப்பணியாளரின் நாள் அதில் மட்டும் கழிவதில்லை. ஆதார் இல்லாததால் ரேஷன் அட்டையில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் காப்பீட்டு அட்டை இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். போகும் நாளில் நோயாளி வர மறுப்பார். வந்தால் வரிசையில் நிற்க மாட்டார். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, வங்கியில் கைநாட்டு ஏற்க மாட்டார்கள் என்று வாக்குவாதம், அண்ணன் தம்பிகள் எழுதி வாங்கிய நிலப் பத்திரம் பற்றிச் சட்ட உதவி மையத்தில் விசாரணை. இந்த அலைச்சலுக்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது. ஊதியமும் இதற்கென்று இல்லை. ஆனால் உதவித்தொகை வரத் தொடங்கியவுடன் வீட்டில் அவருக்கு விழும் சோற்றின் அளவும் மரியாதையும் மாறுவதைக் களத்தில் இருப்பவர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். இதை முறையாக அளந்த ஆய்வுகள் குறைவு. என் பார்வையில் இத்துறையின் பெரிய இடைவெளி இதுவே: எந்தப் பாதி வேலை மனிதரை மீண்டும் ஊரில் நிறுத்துகிறதோ அந்தப் பாதி கணக்கில் வரவில்லை.

உதவி பெறும் விதியிலேயே ஒரு முரண் உண்டு. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2002இல் வகுத்த ஐடியாஸ் அளவுகோல் தன்னைப் பேணல், பழகுதல், புரிந்து பேசுதல், வேலை ஆகியவற்றை அளந்து இயலாமையைச் சதவீதமாக்குகிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, பணியாளரின் துணையோடு தேறியவர், அடுத்த மதிப்பீட்டில் அந்த எல்லைக்குக் கீழே போகலாம். அவரைத் தேற்றிய உதவியே தேறியதால் பறிபோகும். ஏறியும் இறங்கியும் வரும் நோயைக் கைகால் இழப்பைப் போல ஒரே எண்ணில் பிடித்துவைக்கும் விதியின் விளைவு இது.

ஒதுக்கப்பட்டவருக்காகப் பேசுதல் என்பதிலும் சிக்கல் உண்டு. குடும்பம் ஒன்று கேட்கிறது, நோயுற்றவர் இன்னொன்று கேட்கிறார் எனும்போது பணியாளர் யாருக்காகப் பேசுவது? வீட்டைவிட்டுத் தனியே வாழ விரும்பும் பெண்ணின் பக்கம் நின்றால் அந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். மாத ஊசியும் நின்றுபோகும். ஊர்க்காரரான பணியாளருக்கு ஊரின் சாதி ஒழுங்கிலும் ஓர் இடம் இருக்கிறது. எந்தத் தெருவுக்குப் போகிறார், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறார் என்பதும் சிகிச்சையின் பகுதியாகிவிடுகிறது. மருத்துவமே ஒதுக்குதலின் கருவியாவதும் உண்டு. பால்புதுமையினரை ‘மாற்ற’ முயலும் சிகிச்சைகளுக்கு எதிராக 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, வாதாடல் சில நேரம் மருத்துவத் துறையை நோக்கியே திரும்ப வேண்டியிருப்பதை உறுதி செய்தது.

சமூகமே உடைந்துபோன இடத்தில் சமூக மனநலம் என்றால் என்ன என்ற கேள்வியை இலங்கையின் வடக்கு எழுப்புகிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாண அனுபவத்திலிருந்து எழுதியவை, போர் தனிமனிதரை மட்டுமின்றி குடும்பத்தையும் ஊரின் நம்பிக்கை இழைகளையும் குலைத்ததைக் கூட்டு மனவடு என்று விவரித்தன. அங்கே ஆசிரியர், கிராமசேவையாளர், மதகுரு ஆகியோருக்குப் பயிற்சி தருவது ஆள் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக மட்டுமன்று. உறவுகளைத் திரும்ப நெய்வதும் அதன் நோக்கம். ஊர் என்று ஒன்று தயாராக இருக்கிறது, அதனிடம் ஒப்படைத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இது வலுவான மறுப்பு.

தீராத வினாக்கள்

ஒன்றில் இன்று கருத்து வேறுபாடு குறைவு. காலவரையின்றி அடைத்து வைப்பதை ஆதரிப்பவர் அநேகமாக இல்லை. மருந்தும் வீட்டுக்கு வரும் ஆளும் சேர்ந்தால் மருந்து மட்டும் தருவதைவிட நல்லது என்பதும் ஓரளவு நிலைபெற்றிருக்கிறது. அதற்கு அப்பால் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு.

தொண்டு நிறுவனத்தின் சிறு பரப்பில், தேர்ந்தெடுத்த ஆட்களோடு நன்றாக நடந்த முறை, அரசுத் திட்டமாக விரியும்போது அதே தன்மையோடு இருக்குமா என்பது நிறுவப்படவில்லை. ராய்பூர் ராணியிலிருந்து மாவட்டத் திட்டத்துக்கு வந்த பயணத்தில் எதை இழந்தோம் என்பதை நினைத்தால் ஐயம் வலுக்கிறது. அரசிடம் சம்பளம் வாங்கும் பணியாளர் அரசு அலுவலகத்துக்கு எதிராக மனு எழுத முடியுமா என்பது அதை ஒட்டிய கேள்வி. தனி அமைப்பின் கீழ் வைத்தால் பேசும் துணிவு இருக்கும். நிதியின் நிச்சயம் இருக்காது. இரண்டையும் சேர்த்துத் தரும் ஏற்பாட்டை இதுவரை எந்த மாநிலமும் பெரிய அளவில் நிலைநாட்டிக் காட்டவில்லை.

நெருக்கடி வேளையில் யார் சொல் இறுதியானது என்பதில் உடன்படிக்கைக் குழுவும் இந்தியச் சட்டமும் வேறுபட்டே நிற்கின்றன. எழுதிவைத்த முன்விருப்பத்தைப் பயன்படுத்துவோர் நடைமுறையில் சிலரே. எழுதப் படிக்கத் தெரியாதவர், தெருவில் இருப்பவர், நம்பி நியமிக்க ஒருவரும் இல்லாதவர் இவர்களுக்கு அந்தப் பிரிவு என்ன பொருள் தரும் என்பதை நீதிமன்றங்களும் மறுஆய்வு வாரியங்களும் இனிமேல்தான் சொல்ல வேண்டும். அந்த வாரியங்களே பல மாநிலங்களில் தாமதமாகத்தான் அமைந்தன.

எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி பணத்தைப் பற்றியது. 19ஆம் பிரிவை உண்மையாக நிறைவேற்ற, பெற்றோர் இறந்த பின்னும் ஒருவர் தன் ஊரிலோ வேறு ஊரிலோ வாழ, வாடகை, சமையல், மாதம் இருமுறை வந்து பார்க்கும் ஆள் ஆகியவற்றுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவை எந்தத் துறை ஏற்கும் என்று முடிவாக வேண்டும். சுகாதாரத் துறைக்கு அது சமூகநலம். சமூகநலத் துறைக்கு அது மருத்துவம். இவ்விரண்டுக்கும் இடையில் கோப்பு நிற்கும் காலமெல்லாம், செலவை முன்புபோலவே அந்தத் தாய் ஏற்கிறார்.